சின்னப் பொட்டலம் மட்டும் போன வழி

கம்ப்யூட்டர் வலையமைப்புகளைப் பராமரிக்கும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். அதில் பெரும்பகுதி வளைகுடாவில் போனது. ஒரு கேபிள் எங்கே அறுந்திருக்கிறது என்று ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து சொல்லிவிடுவேன். இப்படிப் பெருமை பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. கீழே சொல்லப்போகும் தவறை, வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு பயிற்சிப் பையன் செய்திருந்தால் நான் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன்.

முதலில் அந்தத் தவறு என்ன என்று விளங்கவைக்க வேண்டும். நாம் அனுப்பும் செய்தி, படம் எல்லாமே இணையத்தில் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகின்றன. வழியில் ஒரு பொட்டலத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால் அனுப்பியவருக்குத் தகவல் சொல்லத் தனியாக ஓர் ஏற்பாடு உண்டு. அதன் பெயர் ஐசிஎம்பி. ‘அந்த முகவரிக்கு வழி இல்லை’, ‘அங்கே போகத் தடை’, ‘சுற்றிச் சுற்றியே நேரம் தீர்ந்துவிட்டது’, ‘பொட்டலம் பெரிது, இந்த வாசலில் நுழையாது, சின்னதாகக் கட்டி அனுப்பு’ என்கிற மாதிரியான சேதிகளை மட்டுமே அது சுமக்கும். ‘இருக்கிறாயா?’ என்று ஓர் இயந்திரத்தைக் கேட்பதும், ‘இருக்கிறேன்’ என்று அது சொல்வதும் அதே ஏற்பாட்டில்தான் நடக்கும். அதைத்தான் நாங்கள் பிங் என்போம்.

கெட்ட சேதி கொண்டுவருகிறவனை யாருக்குப் பிடிக்கும்? எங்கள் தொழிலில் பலருக்கும் ஐசிஎம்பி என்றால் இளக்காரம்தான். எனக்கு இளக்காரத்தோடு கொஞ்சம் எரிச்சலும் உண்டு. வீட்டிலும் நான் ஒரு சேதியும் சொல்லாமல்தான் இருந்தேன் என்று பிறகு என் மனைவி பள்ளிவாசல் ஜமாத்தில் சொன்னாள்.

எங்கள் கீழக்கரையில் வீடு பெண்ணுக்கு. கல்யாணத்தின்போது பெண்ணைப் பெற்றவர்கள் அவளுக்கு ஒரு வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளைதான் பெட்டியோடு அங்கே வந்து சேர வேண்டும். விடுமுறைக்கு வந்து போகிறவனுக்கு அது ராஜ வாழ்க்கை. மாடியில் அறை, வேளாவேளைக்குச் சாப்பாடு, வளைகுடா திரும்பும்போது டப்பா டப்பாவாகப் பலகாரம். அந்த வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எந்தப் பெண்ணையும் அது நடுத்தெருவில் விடுவதில்லை. பிரிவு என்று வந்தால் நடுத்தெருவுக்கு வருவது யார் என்பது மட்டும் எனக்குத் தாமதமாகத்தான் விளங்கியது. வேலையை விட்டு நிரந்தரமாக ஊர் வந்த இரண்டாம் வருஷம், ஒரு பெட்டியோடும் இரண்டு கம்ப்யூட்டரோடும் அந்த வீட்டின் படியிறங்கினேன்.

சண்டை வந்தால் நான் கத்த மாட்டேன். கை ஓங்க மாட்டேன். வாயை மூடிக்கொள்வேன், அவ்வளவுதான். மூன்று நாள், நான்கு நாள், ஒரு முறை பதினேழு நாள். தொலைவில் இருந்தவரை வேலைப்பளு என்று அது மறைந்துகொண்டது. ஒரே கூரைக்குக் கீழே வந்ததும் மறைய இடமில்லை. ஜமாத்துப் பெரியவர்கள் முன்னால் என் மனைவி சொன்னது இதுதான்: “இவுகளுக்கு எம் மேல கோவமா இல்லையான்னே எனக்குத் தெரிய மாட்டேங்குது. வையவாச்சும் வையச் சொல்லுங்க.” அதற்கும் நான் வாய் திறக்கவில்லை. பிரித்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஊரில் இருந்தால் ஆளாளுக்குக் கேட்பார்கள் என்று பாம்பன் பாலத்தைத் தாண்டி அக்காள்மடத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். வாசலில் ராமேஸ்வரம் சாலை. யாத்திரைக்காரர்களின் பஸ்கள் போய்க்கொண்டே இருக்கும். ஒன்றுகூட எனக்காக நிற்பதில்லை. பின்பக்கம் நடந்தால் கடல். உப்புக் காற்றில் வாங்கிய மாதமே கம்ப்யூட்டரின் திருகாணிகள் துருப்பிடிக்கும். ராமேஸ்வரத்தில் நாலைந்து விடுதிகளின் இணைப்பைப் பார்த்துக்கொள்கிறேன். பழைய கம்பெனிக்கும் வீட்டிலிருந்தே கொஞ்சம் வேலை செய்கிறேன். இரண்டுக்கும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. சில நாள் காலையில் எழுந்து, மாலையில் கடைக்காரரிடம் “பால்” என்று சொல்வதுதான் அன்றைக்கு நான் பேசிய முதல் வார்த்தையாக இருக்கும்.

எனக்கு ஒரே மகள். அவளோடு பேச ஒரு வழி மட்டும் மிச்சமிருந்தது. அதை நாங்கள் பெட்டி என்போம்.

வளைகுடாவில் நான் இருந்த இடத்தில் போன் செயலிகள் வழியாகப் பேச முடியாது. மகளுக்கு அப்போது ஆறு வயது. அவளுக்காகவே ஒரு சின்னச் செயலியை நானே எழுதினேன். அதில் இரண்டு பகுதி. ஒன்றில் ஓரிரு வரி எழுதிப் போடலாம். இன்னொன்றில் கடிதமும் படமும் போடலாம். எழுத்துக்கூட்டி எழுதியது, யானை என்று சொல்லி வரைந்தது, விழுந்த பல்லின் புகைப்படம் எல்லாம் அதில்தான் எனக்கு வந்தன. ஒரு தடவை அவள் போட்ட படம் போகாமல் சிவப்பு எழுத்தில் ‘தோல்வி’ என்று வந்துவிட்டது. பரீட்சையில் தோற்றுவிட்டதாக நினைத்துப் பிள்ளை அன்று முழுக்க அழுதாளாம். அந்த வாரமே பிழைச் செய்திகளையெல்லாம் எடுத்துவிட்டேன். அனுப்பு என்று அழுத்தினால் உடனே பச்சை டிக் விழும். உண்மையில் போகவில்லையென்றால் செயலி பின்னணியில் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கும். பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். பாசத்தில் செய்தது. பிறகு அதை மாற்ற எனக்குத் தோன்றவே இல்லை.

பிரிந்த பிறகு அந்த வீட்டுக்குப் போன் செய்வது நின்றது. மகளும் கூப்பிடவில்லை; உம்மா காதில் விழும்படி வாப்பாவோடு பேச அவளுக்குச் சங்கடம். ஆனால் பெட்டியை விடவில்லை. படிப்பை முடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்த பிறகும் வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்து நான் வீடு திரும்பும் நேரத்துக்கு ஒரு வரி வந்திருக்கும். “சாப்டீகளா வாப்பா?” “சாப்ட்டேன் புள்ள. நீ?” “சாப்ட்டேன்.” சில வெள்ளிகளில் நான் சமைத்தே இருக்க மாட்டேன்; இருந்தாலும் சாப்பிட்டேன் என்றுதான் எழுதுவேன். மாதத்துக்கு ஒரு தடவை கடிதம் வரும். பள்ளிக்கூடத்துக் கதைகள், ஏதாவது ஒரு படம். அதைப் பத்து நாள் வைத்துப் படிப்பேன். அந்த ஒரு கடிதம்தான் என் மாதம்.

பெட்டிக்கான கம்ப்யூட்டர் என் வீட்டு மேஜையில் இருந்தது. தீவில் கிடைக்கும் இணைப்புக்கு வெளியிலிருந்து நேராக வந்து சேர முடியாது. அதனால் சென்னையில் ஒரு நிறுவனத்திடம் சின்ன இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, லினக்ஸ் போட்டு, அங்கிருந்து என் வீட்டுக்கு ஒரு சுரங்கப்பாதை அமைத்திருந்தேன். மகள் அனுப்புவது சென்னைக்கு வரும். சென்னையிலிருந்து சுரங்கம் வழியாக என் மேஜைக்கு வரும். அந்தச் சுரங்கத்தின் வாய் சாதாரணச் சாலையைவிடக் கொஞ்சம் குறுகல். பெரிய பொட்டலம் வந்தால் சென்னை இயந்திரம், ‘சின்னதாகக் கட்டி அனுப்பு’ என்று மகளின் போனுக்குச் சொல்லும். போன் சின்னதாகக் கட்டும். எல்லாம் அரை நொடியில் முடிந்துவிடும். யாருக்கும் தெரியாது.

காற்றுக் காலத்தில் ஒரு நாள் காலை. பக்கத்து வீட்டில் ஒரு மீனவக் குடும்பம். அந்த அம்மா வேலிக்கு மேலே நாலு சூடை மீனை நீட்டியபடி கேட்டார்: “ஏன் பாய், ஒத்தையில கெடக்கீகளே, ஒங்களத் தேடி ஒரு சனமும் வரக் காணமே?” நல்ல மனசில் கேட்டதுதான். மீனை வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்தேன். அந்தக் கடுப்போடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். சென்னை இயந்திரத்தின் பதிவேட்டைப் பார்த்தால், உலகத்தில் எங்கெங்கிருந்தோ முன்பின் தெரியாதவர்கள் ‘இருக்கிறாயா, இருக்கிறாயா’ என்று பிங் அடித்திருக்கிறார்கள். இணையத்தில் இது தினமும் நடப்பதுதான். தெருவில் போகிறவன் கேட்டைத் தட்டிப் பார்ப்பது மாதிரி. அன்றைக்கு எனக்கு அது பொறுக்கவில்லை.

பிங்குக்கு மட்டும் பதில் சொல்லாமல் இருக்க லினக்ஸில் ஓர் எண்ணைப் பூஜ்யத்திலிருந்து ஒன்றாக மாற்றினால் போதும். அது எனக்குத் தெரியும். ஓர் ஆளுக்கு இத்தனை தடவைதான் என்று வரம்பு கட்டியும் விடலாம். அதுவும் தெரியும். நான் இரண்டையும் செய்யவில்லை. எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று விதி எழுதும் ஃபயர்வாலில் ஐசிஎம்பி மொத்தத்துக்கும், உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் சேர்த்து, ‘டிராப்’ என்று எழுதினேன். ஃபயர்வாலில் மறுப்பதற்கு இரண்டு வழி உண்டு. ‘ரிஜெக்ட்’ என்று போட்டால், முடியாது என்று கேட்டவருக்குப் பதில் போகும். ‘டிராப்’ என்று போட்டால் விழுங்கிவிடும். கேட்டவர் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எனக்கு எப்போதும் டிராப்தான் பிடிக்கும். இயந்திரம் அணைந்து எழுந்தாலும் அழியாதபடி அந்த விதியைச் சேமித்துவிட்டு, மீனைக் கழுவப் போனேன்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஒரு குறையும் இல்லை. “சாப்டீகளா வாப்பா?” வந்தது. நான் அனுப்பியதும் போனது. கடிதம் மட்டும் வரவில்லை. முதல் மாதம், பள்ளிக்கூடத்தில் வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டாம் மாதம் மனசு வலித்தது. பெரிய பிள்ளையாகிவிட்டாள், கிழவனுக்கு எழுத என்ன இருக்கிறது என்று என்னையே குத்திக்கொண்டேன். ‘ஏன் புள்ள கடுதாசி போடல?’ என்று ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்டு வாங்குவது கடிதமா என்ற வீம்பு. அவளாக எழுதட்டும் என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் என் தம்பி வந்தான். கீழக்கரையிலேயே இருப்பவன், என்னைவிட எட்டு வயது இளையவன்; அண்ணனை எங்கள் பக்கம் காக்கா என்பார்கள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான்.

“புள்ளைக்கு நிக்காஹ் வச்சிருக்கு காக்கா. வார ஞாயித்துக்கிழம இல்ல, அதுக்கடுத்த ஞாயிறு.”

“சரி” என்றேன்.

“நீங்க வர மாட்டீகன்னு அங்கன பேசிக்கிறாக. அதான் ஜமாத்துல இத எழுதித் தந்தாக. ஒங்களுக்குப் பதிலா நான் வலீயா நின்னு முடிச்சுக் குடுக்கலாம்னு.”

நிக்காஹில், அதாவது கல்யாண ஒப்பந்தத்தில், பெண்ணுக்குப் பொறுப்பாளராக நின்று கொடுப்பவர்தான் வலீ. வாப்பா உயிரோடு இருந்தால் அது வாப்பாவின் கடமை, வாப்பாவின் உரிமை. வர முடியாதவர் இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கலாம். பெண்ணிடம் சம்மதம் கேட்கும்போது அவள் பேசாமல் தலைகுனிந்து இருந்தாலே சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். வாப்பாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் வாயால் சொல்ல வேண்டும், அல்லது கையெழுத்துப் போட வேண்டும்.

நான் வர மாட்டேன் என்று யார் சொன்னது? தம்பியிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். என் மகள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், ஜமாத்தை விட்டுத் தாள் அனுப்புகிறாள் என்பது மட்டும்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. “பேனா இருக்கா?” என்று கேட்டேன்.

தம்பி பேனாவைக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். “மாப்பிள்ளை யாரு எவருன்னு கேக்க மாட்டீகளா காக்கா?”

“நீ பாத்துக்கிட்டீல்ல? போதும்.”

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒரு டீ குடித்துவிட்டுப் போ என்றுகூட அவனிடம் சொல்லவில்லை.

நிக்காஹ் நடந்த ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் இருக்க முடியவில்லை. பஸ் ஏறி தனுஷ்கோடிக்குப் போனேன். ஊரே இல்லாத இடத்துக்குப் போனால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்று நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அங்கே நெரிந்தது. ஒரு குடும்பம் என்னிடம் போனை நீட்டி, எல்லோரும் சேர்ந்து நிற்கிறோம், ஒரு போட்டோ எடுத்துத் தாருங்கள் என்றது. எடுத்தேன். அதைப் பார்த்த இன்னொரு குடும்பமும் வந்தது. தனியாக நிற்கிற ஆள், வேலை ஒன்றும் இல்லாதவர் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வாப்பா, உம்மா, பிள்ளைகள் என்று ஒவ்வொரு கூட்டமாக வந்து நின்றது. நான் “கொஞ்சம் ஒட்டி நில்லுங்க” என்று சொல்லிச் சொல்லி எடுத்தேன். கீழக்கரையில் இந்நேரம் ஓதி முடித்திருப்பார்கள் என்று தோன்றியபோது எனக்குக் கண் மறைத்தது. போனை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுக் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

மாலை அஸர் தொழுகை முடிந்து தம்பி போன் செய்தான். “நல்லபடியா முடிஞ்சுச்சு காக்கா. ரெண்டு சாட்சியோட உள்ள போய்ப் புள்ளைட்ட சம்மதம் கேட்டேன். அவ ஒண்ணும் சொல்லல. எனக்குப் பின்னாடி வாசலையே பாத்துக்கிட்டு இருந்தா. யாரும் வாராகளான்னு பாக்குற மாதிரி. பெறகு தலையக் குனிஞ்சா. எடுத்துக்கிட்டோம்.”

யாரை எதிர்பார்த்தாள் என்று நான் யோசிக்கவில்லை. அவள் தோழி யாராவது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெட்டியில் ஒன்றும் வரவில்லை. புதுப்பெண், விருந்து வேலை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மேஜையை விட்டு நகராமல் இருந்தேன். திங்கட்கிழமை காலை எனக்குள் இருந்த பழைய வேலைக்காரன் விழித்துக்கொண்டான். மகள் எழுதாமல் இருக்க மாட்டாள். எங்கோ பழுது, அதைத் தேடிப் பிடிப்போம் என்று கிளம்பினான். பழுதாக இருக்க வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

சென்னை இயந்திரத்துக்கு பிங் அடித்தேன். பதில் இல்லை. மறுபடி அடித்தேன். இல்லை. சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டேன். இயந்திரம் செத்துக் கிடக்கிறது, அதனால்தான் வரவில்லை! ஒரு நிமிஷம் கழித்துத்தான் பதில் சொல்லாதே என்று நானே பூட்டு போட்டது நினைவுக்கு வந்தது. உள்ளே நுழைந்து அந்த டிராப் விதியைத் தூக்கினேன். திரும்ப பிங் அடித்தேன். வரிவரியாகப் பதில் வந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. சுரங்கம் சரி, மேஜைக் கம்ப்யூட்டர் சரி. எதிலும் பழுதில்லை.

பழுதில்லை என்றால் அவள் எழுதவில்லை. இரண்டு வாரமாக எனக்கு ஒரு வரி எழுத அவளுக்கு விருப்பமில்லை. அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றேன். என் ஆயுளில் அத்தனை தனியாக நான் இருந்ததில்லை.

தண்ணீர் கொதிக்கும் முன் பெட்டி மணியடித்தது. பிறகு இன்னொரு முறை அடித்தது.

ஒரு கடிதம், ஒரு படம். கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு முந்தியது.

“வாப்பா, ஒரு விசயம் கேக்கணும். என்னோட பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரா இருக்காக. நல்ல மனுசர். அவுக வீட்டுலேருந்து வந்து பேசிட்டுப் போயிட்டாக. உம்மாவுக்குச் சம்மதம். உங்களுக்குப் புடிச்சாத்தான் நான் சரின்னு சொல்வேன். மாமாமார் ஜமாத்து மூலமா உங்களுக்குச் சொல்லி விடலாம்னாக. நான்தான் வேணாம்னேன், எங்க வாப்பாட்ட நானே கேக்குறேன்னு. நிக்காஹ் அன்னைக்கு நீங்க வரணும் வாப்பா. நீங்கதான் வலீயா நின்னு என்னைக் குடுக்கணும். உம்மாட்டயும் சொல்லிட்டேன், அவுக ஒண்ணும் சொல்ல மாட்டாக. உங்களுக்கு இந்த வீட்டு வாசப்படி ஏற மனசு இல்லேன்னா எனக்குப் புரியும். வாயத் தொறந்து மாட்டேன்னு சொல்றது உங்களுக்குக் கஷ்டம்னும் எனக்குத் தெரியும். அதுனால நீங்க சொல்லவே வேணாம். வெள்ளிக்கெழம எப்பவும் போல சாப்ட்டியான்னு மட்டும் கேளுங்க. இதப் பத்தி ஒண்ணும் எழுதலேன்னா வர மாட்டீகன்னு நான் புரிஞ்சுக்குறேன். அதுக்கு மேல உங்கள தொந்தரவு பண்ண மாட்டேன்.”

அதற்குப் பிறகு நிக்காஹ் வரைக்கும் வந்த ஆறு வெள்ளிக்கிழமைகளிலும் சாப்ட்டியா என்று மட்டும்தான் நான் கேட்டிருந்தேன்.

படம் நிக்காஹுக்கு முந்தின நாள் எடுத்தது. மருதாணி வைத்த இரண்டு உள்ளங்கைகள். கீழே ஒரு எழுத்துகூட இல்லை.

எப்படி நடந்தது என்று புரிய எனக்குப் பத்து விநாடி போதுமானதாக இருந்தது. தமிழ் எழுத்து கம்ப்யூட்டருக்குள் அதிக இடம் பிடிக்கும். ஓரிரு வரி என்றால் ஒரே சின்னப் பொட்டலமாகச் சுரங்கத்தில் நுழைந்துவிடும். ஐந்தாறு வரி ஆனால் பொட்டலம் வாசலைவிடப் பெரிதாகிவிடும். சென்னை இயந்திரம் ஒவ்வொரு தடவையும், ‘சின்னதாகக் கட்டி அனுப்பு’ என்று மகளின் போனுக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறது. வெளியே போகும் ஐசிஎம்பியையும் விழுங்கச் சொல்லி நான் எழுதியிருந்த வரி, அந்தச் சேதியை வாசலிலேயே விழுங்கியிருக்கிறது. சேதி கிடைக்காத போன் அதே பெரிய பொட்டலத்தை இரண்டு மாதமாக முட்டி முட்டித் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் கண்ணுக்கு முன்னாலோ பச்சை டிக்.

டீத்தண்ணீர் சுண்டிக் காலிப் பாத்திரம் கருகும் வாடை வந்த பிறகுதான் அடுப்பை அணைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு ராமநாதபுரம் பஸ்ஸில் ஏறினேன். அங்கே மாறி கீழக்கரை பஸ். திருப்புல்லாணியில் ஒரு கல்யாணக் கூட்டம் ஏறி எனக்கு மேலே சாய்ந்துகொண்டு நின்றது. எனக்குக் கோபம் வரவில்லை. போய் என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கோர்த்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் மனசு கொஞ்சம் லேசாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்? கடிதம் வரவில்லை என்று விளக்கிச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. பிள்ளை புரிந்துகொள்வாள் என்று நம்பினேன்.

நான்கு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கதவைத் தட்டினேன். மகள்தான் திறந்தாள். கையில் மருதாணி வெளிறிப் போயிருந்தது.

“வாப்பா…”

“ஒன் கடுதாசி இன்னைக்குக் காலையிலதான் புள்ள வந்துச்சு.”

விளங்காமல் பார்த்தாள். உள்ளே போய்ப் போனை எடுத்துவந்து என்னிடம் காட்டினாள். “டிக் விழுந்திருக்கே வாப்பா. அன்னைக்கே விழுந்துச்சே.”

“அந்த டிக் பொய்ம்மா. போனாலும் விழும், போகலேன்னாலும் விழும். நீ சின்னப்புள்ளையா இருக்கையில நான்தான் அப்புடி எழுதி வச்சேன்.”

வாசலில் நின்றபடியே சுரங்கம், பொட்டலம், டிராப் எல்லாவற்றையும் சொன்னேன். தேவைக்கு மேலேயே சொன்னேன். பள்ளிக்கூடத்தில் மந்தமான பையன் பாடம் ஒப்பிக்கும்போது கேட்பாளே, அந்தப் பொறுமையோடு கேட்டாள்.

“சரி வாப்பா. கடுதாசி வரல, நம்புறேன். அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டது?”

அவள் போனைத் தாழ்த்திக்கொண்டாள்.

“சாச்சா அதக் கொண்டாந்து காட்டுனப்பதான் நீங்க வர மாட்டீகன்னு முடிவு பண்ணேன். அதுவரைக்கும் நம்பிக்கிட்டுத்தான் இருந்தேன். மாப்பிள்ளை யாருன்னாச்சும் வாப்பா கேட்டாகளான்னேன். இல்லைன்னாக.”

எனக்குப் பழகிய மௌனம் தொண்டைவரை வந்தது. அதை அன்றைக்கு முதல் தடவையாகத் தள்ளிவிட்டுப் பேசினேன். “கோவம் புள்ள. நீ எனக்குச் சொல்லலையேன்னு கோவம். அந்தக் கோவத்துல போட்டுட்டேன். தப்பு எம் மேலதான்.”

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்: “எனக்கு ஏன் சொல்லலன்னு அன்னைக்கே நீங்க ஒரு வரி எழுதியிருந்தா, அது எனக்கு வந்திருக்கும்ல வாப்பா? ஒங்க பக்கமிருந்து வர்றது எல்லாம் வந்துக்கிட்டுத்தான இருந்துச்சு?”

“வந்திருக்கும்” என்றேன். அதுதான் உண்மை. அவளிடமிருந்து எனக்கு வரும் வழியில் பெரிதாக எதுவும் நுழைய முடியாமல் இருந்தது. என்னிடமிருந்து அவளுக்குப் போகும் வழி ஒரு நாளும் அடைபட்டதில்லை. நான் பத்துப் பக்கம் எழுதியிருந்தாலும் போயிருக்கும். நான் எழுதவில்லை.

“இன்னைக்கு உள்ள வாங்கன்னு கூப்புட எனக்கு மனசு வரல வாப்பா,” என்றாள்.

“சரி புள்ள,” என்றேன். முகத்துக்கு நேரே சொன்னாள். அந்த வீட்டில் யாருக்கும் நான் அந்த அளவு மரியாதை செய்ததில்லை.

வீடு திரும்பியதும் செயலியைத் திருத்தினேன். இப்போது போய்ச் சேர்ந்தால்தான் டிக் விழும். சேராவிட்டால் சேரவில்லை என்று சொல்லும். ஃபயர்வாலில் பிங்குக்கு மட்டும் ஒரு வரம்பு கட்டிவிட்டு மற்றதையெல்லாம் திறந்துவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை மகளுக்கு நான்கு பக்கம் எழுதினேன். அவள் உம்மாவிடம் பதினேழு நாள் பேசாமல் இருந்ததிலிருந்து தொடங்கி, தனுஷ்கோடியில் போட்டோ எடுத்துக்கொண்டு நின்றதுவரைக்கும். அனுப்பு என்று அழுத்தினேன். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு டிக் விழுந்தது. கடிதம் அவள் கையில் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பதில் இன்னும் வரவில்லை.